பேட்ச் பேனலில் எதைத் தேர்ந்தெடுப்பது? சர்வர் அறை கேபிளிங்குக்கு நான்கு வழிகள்

ஒரு அலுவலகத்துக்கு நெட்வொர்க் கேபிளிங் கொட்டேஷன் வந்தால் பேட்ச் பேனலுக்கு (அலுவலகத்தின் நெட்வொர்க் கேபிள்கள் எல்லாம் வந்து முடியும், வரிசையாகப் போர்ட் உள்ள தகடு) அதில் ஒரே ஒரு வரிதான் இருக்கும்: "கேட் 6 ஜாக் பேனல், 24 போர்ட், 2 எண்ணம்." கேட் 6 என்பது தர வகை, போர்ட் என்பது கேபிள் குத்தும் ஓட்டை. ஆனால் என்ன வகைப் பேனல், பின்னால் கம்பி எப்படி ஏறும், ஒரு போர்ட் கெட்டால் என்ன செய்வது என்பதெல்லாம் அதில் இருக்காது. பணம் கொடுப்பவர் அந்த வரியில் விரலை வைத்து, "இது கட்டாயம் வேணுமா? கேபிளை நேரா சுவிட்ச்லயே குத்திட்டா என்ன?" என்று கேட்பார். (சுவிட்ச் என்றால் இங்கே மின் சுவிட்ச் இல்லை, கணினிகளை ஒன்றோடொன்று இணைக்கும் நெட்வொர்க் பெட்டி.) நியாயமான கேள்விதான். "எல்லா இடத்துலயும் இப்படித்தான் சார் போடுவோம்" என்பது அதற்குப் பதில் ஆகாது.

அளவு ஒன்றை வைத்துக்கொண்டு பேசினால்தான் ஒப்பீடு தெளிவாக இருக்கும். கோவையிலோ திருப்பூரிலோ இரண்டு மாடி அலுவலகம் ஒன்று என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 48 பாயிண்ட்: மேசைகளுக்கு 34, வைஃபை ஆக்சஸ் பாயிண்டுக்கு 4, கேமராவுக்கு 8, பிரிண்டருக்கு 2. ஒரு பாயிண்டுக்குச் சராசரி 30 மீட்டர் என்றால் 1,440 மீட்டர் கேபிள். 305 மீட்டர் பெட்டி ஐந்து வாங்க வேண்டும். சர்வர் அறை தனியாக இருக்கலாம், அல்லது ஸ்டோர் ரூமில் ஒரு மூலையை ஒதுக்கியிருப்பார்கள். சுவரில் ஒரு ரேக் (கருவிகளை அடுக்கும் அலமாரி), அதில் சுவிட்ச், இணையப் பக்கம் காவல் காக்கும் ஃபயர்வால், கேமராப் படத்தைப் பதிவு செய்யும் என்விஆர், கீழே யுபிஎஸ். நம் ஊர் நடுத்தர அலுவலகம் பெரும்பாலும் இப்படித்தான்.

இந்த அளவுக்கு என் தேர்வு, தனித்தனியாகக் கழற்றி மாற்றக்கூடிய கீஸ்டோன் ஜாக்குகளை மாட்டும் காலிப் பேனல். ஏன் என்பதையும், எங்கே அது சரிவராது என்பதையும் மற்ற வழிகளோடு வைத்துச் சொல்கிறேன்.

அசையக் கூடாத கேபிள்

சுவருக்குள்ளும் ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலும் ஓடுகிற கேபிளில் ஒவ்வொரு கம்பியும் ஒற்றைச் செம்புக் கம்பி. கேட் 6 என்றால் வழக்கமாக 23 கேஜ் (கம்பியின் தடிமன் அளவு). மின்தடை குறைவு என்பதால் நீண்ட தூரத்துக்கு இதுதான் ஏற்றது. ஆனால் ஒற்றைக் கம்பியை ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வளைத்தால் அந்த இடம் இறுகி, ஒரு நாள் முறிந்துவிடும். பேனலிலிருந்து சுவிட்சுக்கும், மேசைச் சாக்கெட்டிலிருந்து கணினிக்கும் போகும் குட்டைக் கேபிளான பேட்ச் கார்டு அப்படி இல்லை. அதில் ஒவ்வொரு கம்பியும் மெல்லிய இழைகள் பலவற்றை முறுக்கிச் செய்தது. வளைவதற்கும் பிடுங்கிக் குத்துவதற்கும் என்றே செய்யப்பட்டது.

ஆக ஒரு லிங்க்கில், அதாவது சுவிட்ச் முதல் மேசைக் கருவி வரையான இணைப்பில், இரண்டு வகைக் கேபிள் இருக்கிறது. ஒன்று போட்ட இடத்தில் கிடக்க வேண்டும், மற்றது நம் கையில் புழங்க வேண்டும். இரண்டும் சந்திக்கிற இடம்தான் பேட்ச் பேனல். கேபிளிங்குக்கான டிஐஏ 568 தரமும் இந்தப் பிரிவை வைத்துத்தான் கணக்குப் போடுகிறது. மொத்தம் 100 மீட்டர். அதில் பேனலிலிருந்து மேசை ஐஓ (மேசைப் பக்கச் சாக்கெட்) வரை நிலையான பகுதி 90 மீட்டர். இரண்டு முனையிலும் உள்ள பேட்ச் கார்டுகளுக்குச் சேர்த்து 10 மீட்டர்.

அதனால் எந்த வழியைப் பார்த்தாலும் நான் முதலில் கேட்பது இதைத்தான்: அடுத்த பத்து வருடத்தில் அந்தச் சுவர்க் கேபிளை எத்தனை பேர், எத்தனை தடவை தொட வேண்டியிருக்கும்? விலையும் அழகும் அதற்கு அப்புறம்.

பேனலே இல்லாமல் நேராக சுவிட்சில்

கேபிள் முனையில் ஆர்ஜே 45 பிளக்கை (நெட்வொர்க் கேபிளின் வழக்கமான பிளக்) கிரிம்ப் செய்து, அதாவது டூலால் அழுத்திப் பொருத்தி, சுவிட்சில் குத்துவது முதல் வழி. சிக்னல் கணக்கில் பார்த்தால் இதில் குறை இல்லை. நடுவில் வரும் ஒவ்வொரு இணைப்பும் சிக்னலில் கொஞ்சத்தை இழக்கவைக்கும், இங்கே இணைப்புகள் குறைவு. பேனல் போட்டால் நெட் வேகமாகும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். வேகம் கூடுவதற்காகப் பேனல் போடுவதில்லை.

சிக்கல் பிற்பாடு வரும். ஐப்பசி இடியில் சுவிட்ச் போய்விட்டது என்று வையுங்கள். புதிய சுவிட்சில் போர்ட் வரிசை வேறு மாதிரி, உயரமும் வேறு. 48 விறைப்பான கேபிளையும் பிடுங்கி, வளைத்து, வேறு இடத்தில் குத்த வேண்டும். சில கேபிள் நான்கு அங்குலம் பற்றாது. இழுத்தால் பிளக்கின் பூட்டு நாக்கு ஒடியும். அதை வெட்டிவிட்டுப் புதிதாகக் கிரிம்ப் செய்தால் கேபிள் இன்னும் குட்டையாகும். இரண்டு சுவிட்ச் மாறுவதற்குள் ரேக்கின் முன்பக்கம் கையை நுழைக்க முடியாத புதராகிவிடும்.

பிளக்கிலும் ஒரு விஷயம் உண்டு. ஒற்றைக் கம்பிக்கான பிளக்கின் பல், கம்பியை இரு பக்கமும் கவ்விப் பிடிக்கும்படி பிளந்திருக்கும். இழைக் கம்பிக்கானது நடுவில் குத்தி இறங்கும். இழைக்கான பிளக்கை ஒற்றைக் கம்பியில் போட்டால் அன்றைக்கு வேலை செய்யும். அசைய அசைய, பிடிமானம் தளர்ந்து லிங்க் விட்டுவிட்டு வரும். கடையில் பிளக் பாக்கெட் கேட்கும்போது எந்தக் கேபிளுக்கு என்று சொல்லி வாங்குபவர்கள் குறைவு.

எட்டு பாயிண்டுக்குள் இருக்கிற கடைக்கும் வீட்டுக்கும் இந்த வழி போதும். கேமரா, ஆக்சஸ் பாயிண்ட் பக்க முனையில் நேராகப் பிளக் போடுவதையும் தரம் இப்போது ஒப்புக்கொள்கிறது. 2018-இல் வந்த டிஐஏ 568.2-டி அதற்குத் தனியாக ஒரு மாதிரியே தந்தது. சீலிங்கில் மாட்டிய கேமராவை யாரும் தினமும் கழற்றி மாட்டுவதில்லை என்பதால் அது நியாயம்தான். ஆனால் ரேக் பக்க முனைக்கு அந்தச் சலுகையை நான் கொடுக்க மாட்டேன்.

பஞ்ச் செய்யும் 110 பேனல்

"ஜாக் பேனல்" என்று கேட்டால் கடையில் எடுத்துக் கொடுப்பது பெரும்பாலும் இதுதான். முன்னால் 24 போர்ட், பின்னால் பிளாஸ்டிக் பற்களுக்கு நடுவே சின்னச் சின்ன உலோகப் பிளவுகள். இந்தப் பிளவு வகையின் பெயர்தான் 110. தோல் உரிக்காத கம்பியை அந்தப் பிளவில் வைத்து பஞ்சிங் டூலால் அழுத்தினால், பிளவின் விளிம்பே கம்பியின் மேலுறையை அறுத்துக்கொண்டு செம்பைத் தொடும். கூடவே டூலின் கத்தி மிச்சக் கம்பியை வெட்டிவிடும்.

இந்த இணைப்பு காற்றுப் புகாத அளவுக்கு இறுக்கமானது. சரியாகப் பஞ்ச் செய்தால் பல வருடம் அதைத் திரும்பிப் பார்க்க வேண்டாம். பேனல் வகைகளில் ஒரு போர்ட்டுக்கான செலவும் வழக்கமாக இதில்தான் குறைவு. ஒரே நாளில் இரண்டு பேனலையும் முடித்துவிடும் கைதேர்ந்த டெக்னீஷியன் இருந்தால், ரேக்கின் பின்பக்கம் தாராளமாக இடம் இருந்தால், இதைக் குறை சொல்ல எதுவும் இல்லை.

"சரியாக" என்ற சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. டூலின் கத்தி ஒரு பக்கம்தான் வெட்டும். அந்தப் பக்கம் வெளிப்பக்கமாக இருக்க வேண்டும். மாற்றிப் பிடித்தால் மிச்சக் கம்பிக்குப் பதில் இணைப்புக்குப் போகிற கம்பியே அறுந்துவிடும். 110 பிளவுக்கும் க்ரோன் என்ற இன்னொரு வகைப் பிளவுக்கும் கத்தி வேறு வேறு. ஒன்றின் கத்தியால் மற்றதில் அடித்தால் உலோகப் பிளவு அகன்று பிடிமானம் போகும். கேபிளுக்குள் கம்பிகள் இரண்டிரண்டாக முறுக்கிய ஜோடிகளாக இருக்கும்; அந்த முறுக்கை 13 மில்லிமீட்டருக்கு மேல் பிரிக்கக் கூடாது. வேலை சுலபமாகட்டும் என்று இரண்டு அங்குலம் பிரித்து வைத்தால் அந்த இடத்தில் ஒரு ஜோடியின் சிக்னல் அடுத்த ஜோடிக்குக் கசியும். பேனலின் பின்பக்க வண்ண வரிசை பிளக்கின் வரிசை மாதிரி இருக்காது. பழக்கத்தில் ஆரஞ்சிலிருந்து தொடங்காமல், பேனலில் ஒட்டியிருக்கும் வண்ணச் சீட்டைப் பார்த்துத்தான் கம்பியை வைக்க வேண்டும். சீட்டில் ஏ, பி என்று இரண்டு வரிசை இருக்கும். இங்கே பி-தான் வழக்கம். எதுவானாலும் இரண்டு முனையிலும் ஒன்றாக இருந்தால் சரி.

பெரிய குறை, போர்ட் கெடும்போது தெரியும். பேட்ச் கார்டை முரட்டுத்தனமாகப் பிடுங்கி ஒரு போர்ட்டின் உள் ஊசி வளைந்துவிட்டால் இந்தப் பேனலில் அந்த ஒன்றை மட்டும் மாற்ற பெரும்பாலும் வழியில்லை. "17 வேலை செய்யாது" என்று ஒரு டேப் ஒட்டிவிட்டு அந்தக் கேபிளையே இழக்க வேண்டும், இல்லாவிட்டால் 24-ஐயும் கழற்றிப் புதுப் பேனலில் பஞ்ச் செய்ய வேண்டும்.

கீஸ்டோன் ஜாக் மாட்டும் காலிப் பேனல்

இதில் பேனல் என்பது 24 சதுர ஓட்டை உள்ள ஒரு தகடுதான். ஒவ்வொரு கேபிளுக்கும் தனி ஜாக். அது மேசை ஐஓவின் ஃபேஸ் பிளேட்டில் போடுகிற அதே ஜாக். கேபிளை ஜாக்கில் ஏற்றி, பின்பக்கத்திலிருந்து ஓட்டையில் அழுத்தினால் "கிளிக்" என்று உட்கார்ந்துவிடும்.

48 பாயிண்ட் அலுவலகத்துக்கு நான் இதைச் சொல்ல முக்கியக் காரணம் அந்தச் சுவர் ரேக். 9யூ, 12யூ (யூ என்பது ரேக் உயரத்தின் அலகு) சுவர் ரேக்குகளில் பெரும்பாலானவற்றுக்குப் பின்பக்கம் திறக்காது. பின்னால் சுவர். 110 பேனலை அதில் பஞ்ச் செய்ய வேண்டுமென்றால் பேனலை முன்னால் இழுத்து, ஸ்டூலில் ஏறி, ஒரு கையால் பேனலைத் தாங்கிக்கொண்டு மறு கையால் டூலை அழுத்த வேண்டும். 40-ஆவது கேபிளுக்கு வரும்போது கை தளர்ந்துவிடும், பஞ்சும் தளர்ந்துவிடும். கீஸ்டோனில் ஜாக்கைக் கையில் வைத்துக்கொண்டு, வெளிச்சத்தில், கண் எதிரே முடிக்கலாம். வேலையின் தரத்தில் இது பெரிய வித்தியாசம்.

ஒரு போர்ட் கெட்டால் அந்த ஒரு ஜாக்கை மட்டும் வெளியே எடுத்து மாற்றலாம். பாயிண்ட் குறைவாக இருந்தால் வேண்டிய அளவு ஜாக் மட்டும் வாங்கி, மீதி ஓட்டைகளுக்கு மூடி போட்டு வைக்கலாம். பின்னால் ஒரு பாயிண்டுக்கு இன்னும் உயர்ந்த தரமான கேட் 6ஏ தேவைப்பட்டால் அந்த ஓட்டையில் மட்டும் கேட் 6ஏ ஜாக் மாட்டலாம். இரண்டு ஒளியிழைக் கேபிள்களை இணைக்கும் ஃபைபர் கப்ளரும் இதே அளவு ஓட்டைக்குக் கிடைக்கிறது.

குறைகளும் உண்டு. 24 ஜாக்கையும் சேர்த்தால் செலவு 110 பேனலைவிடக் கூடுதலாகத்தான் வரும். ஜாக் ஒரு கம்பெனி, தகடு வேறு கம்பெனி என்றால் ஓட்டையில் லொடலொடவென்று ஆடலாம். பேட்ச் கார்டைக் குத்தும்போது ஜாக்கே பின்னால் தள்ளிக்கொண்டு போய்விடும். ஒன்றை வாங்கி மாட்டிப் பார்த்துவிட்டு மீதியை ஆர்டர் செய்யலாம். பின்பக்கம் கேபிளைத் தாங்கும் கம்பி உள்ள தகடாகப் பார்த்து வாங்க வேண்டும். அது இல்லாவிட்டால் கேபிளின் எடை முழுவதும் ஜாக்கின் மேல் தொங்கும். ஒரே 1யூ உயரத்தில், அதாவது 44.45 மில்லிமீட்டரில், 48 கீஸ்டோன் அடைக்கும் தகடும் கிடைக்கிறது. விரல் நுழையாது, வேண்டாம்.

டூல் இல்லாமல் மூடியை அழுத்தி முடிக்கும் ஜாக்கும் இருக்கிறது. வேலை பழகாதவருக்கு அது நல்லது. ஆனால் தடிமன் கொஞ்சம் கூடுதல், பக்கத்துப் பக்கத்து ஓட்டையில் இடிக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

கப்ளர் பேனல்

முன்னாலும் ஆர்ஜே 45, பின்னாலும் ஆர்ஜே 45. பஞ்சிங் வேலையே கிடையாது, கிரிம்ப் செய்த கேபிளைப் பின்னால் குத்தினால் போதும். ஆரம்பத்தில் பேனல் இல்லாமல் போட்ட அலுவலகங்களை ஒழுங்குபடுத்தும்போது எல்லாரும் இதைத்தான் முதலில் நினைப்பார்கள். 48 கேபிளிலும் ஏற்கெனவே பிளக் இருக்கிறதே, ஒரே மாலையில் முடிந்துவிடுமே என்று.

முடியும்தான். ஆனால் முதல் வழியில் இருந்த பலவீனம், ஒற்றைக் கம்பியில் கையால் போட்ட பிளக், அப்படியே பேனலுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்ளும். பஞ்ச் செய்த ஒரு இணைப்பு இருக்க வேண்டிய இடத்தில் பிளக், ஜாக், நடுவில் கப்ளர் என்று தொடுபுள்ளிகள் கூடும். பிஓஇ, அதாவது நெட்வொர்க் கேபிள் வழியாகவே மின்சாரம் எடுக்கும் கேமராவும் ஆக்சஸ் பாயிண்டும் இருக்கிற லிங்க்கில் இது முக்கியம். 2003-இல் வந்த முதல் பிஓஇ தரத்தில் சுவிட்ச் ஒரு போர்ட்டுக்குக் கொடுத்தது 15.4 வாட், 2009-இல் 30 வாட், 2018-இன் 802.3பிடி தரத்தில் 90 வாட் வரை. மின்சாரம் கூடக்கூட, தளர்ந்த தொடுபுள்ளி சூடாகும்.

வாடகைக் கட்டடத்தில் ஒரு வருடம் மட்டும் இருக்கப்போகிறோம், பயிற்சி லேப் போடுகிறோம், ஃபேக்டரியிலேயே பிளக் போட்ட கேபிள் வாங்கியிருக்கிறோம் என்றால் கப்ளர் பேனல் சரியான தேர்வு. சொந்தக் கட்டடத்தில், சுவருக்குள் கேபிள் போன இடத்தில் பிளக்கை வெட்டிவிட்டு கீஸ்டோன் ஜாக் ஏற்றுங்கள். அரை நாள் கூடுதலாகும், பரவாயில்லை.

இரண்டு முனையும் ஃபேக்டரியிலேயே முடித்து, கட்டாக வரும் கேசட் முறையும் உண்டு. ரேக் ரேக்காக நிற்கும் டேட்டா சென்டருக்கு அது. நீளத்தை முன்கூட்டியே அளந்து ஆர்டர் செய்ய வேண்டும். 48 பாயிண்ட் அலுவலகத்துக்குப் பொருந்தாது.

கேட் 6-ஆ, 6ஏ-வா

பேனல் தேர்வோடு சேர்ந்தே வரும் கேள்வி இது. லிங்க்கின் தரம் அதில் உள்ள மிக மட்டமான பொருளின் தரம்தான். கேட் 6ஏ கேபிள் போட்டு கேட் 5இ பேனலில் ஏற்றினால் கிடைப்பது கேட் 5இ.

கேட் 6 என்பது 250 மெகாஹெர்ட்ஸ், 6ஏ என்பது 500. 10 ஜிகாபிட் வேகம் 6ஏ-வில் முழு 100 மீட்டருக்கும் ஓடும். கேட் 6-இல் சூழ்நிலை நன்றாக இருந்தால் 55 மீட்டர் வரை. இதைக் காட்டித்தான் 6ஏ விற்கிறார்கள். ஆனால் 2016-இல் வந்த 802.3பிஇசட் தரப்படி கேட் 6-இலேயே 5 ஜிகாபிட் 100 மீட்டர் ஓடும். இன்றைய வைஃபை ஆக்சஸ் பாயிண்டுகள் பலவற்றுக்கு 2.5 ஜிகாபிட் போர்ட்தான். மேசைக் கணினிக்கு 1 ஜிகாபிட்டே தாராளம். 6ஏ கேபிள் தடிமனானது, வளைக்க மறுக்கும், அதே கண்ட்யூட் குழாயில் குறைவான கேபிளே போகும். எனவே நம் 48 பாயிண்டில் 44-க்கு கேட் 6 போதும். மனசு கேட்காவிட்டால் ஆக்சஸ் பாயிண்ட் நான்குக்கும் மட்டும் 6ஏ இழுத்துக்கொள்ளலாம், கீஸ்டோன் பேனல் அதற்கு இடம் கொடுக்கும்.

உறை போட்ட ஷீல்டட் கேபிளும் பேனலும் அலுவலகத்துக்குத் தேவையில்லை. பெரிய மோட்டார்களும் இன்வெர்ட்டர் டிரைவ்களும் ஓடுகிற ஆலைத் தளத்துக்கு வேண்டும். அங்கேயும் பேனலை ரேக்கோடும் ரேக்கை எர்த்தோடும் முறையாக இணைத்தால்தான் ஷீல்டால் பயன். எர்த் கொடுக்காமல் ஷீல்டட் வாங்குவது வெறும் செலவு. பக்கத்துக் கட்டடத்துக்கு, செக்யூரிட்டி அறைக்கு, குடோனுக்குப் போகும் லிங்க் என்றால் செம்பே வேண்டாம், ஃபைபர் போடுங்கள். கட்டடங்களுக்கு நடுவே ஓடும் செம்புக் கேபிள் வழியாக மின்னல் அதிர்ச்சி ஏறி இரண்டு பக்க சுவிட்சையும் ஒரே நேரத்தில் கொண்டுபோகும்.

ரேக்குக்குள் எது எங்கே

பேனல் எது என்று முடிவான பிறகு அடுக்கும் முறையில் இரண்டு கட்சி உண்டு.

ஒன்று, பேனல்கள் எல்லாம் மேலே, சுவிட்ச்கள் எல்லாம் கீழே, நடுவில் 1யூ கேபிள் மேனேஜர், ஒரு மீட்டர் பேட்ச் கார்டுகள். எந்தப் பேனல் போர்ட்டையும் எந்த சுவிட்ச் போர்ட்டுக்கும் கொண்டுபோகலாம். பாயிண்ட் 70 இருந்து சுவிட்ச் போர்ட் 48 மட்டும் இருக்கிற அலுவலகத்துக்கு இதுதான் வழி. ஆனால் மேனேஜரின் மூடியைத் திறந்து கார்டை உள்ளே படுக்கவைத்து மூடும் பொறுமை எல்லா நாளும் எல்லாருக்கும் இருக்காது. அவசரத்துக்குக் குறுக்கே ஒரு கார்டு தொங்கும், அடுத்த மாதம் நான்கு தொங்கும்.

இன்னொன்று, சுவிட்சைப் பேனல்களுக்கு நடுவே வைப்பது. மேலே 24 போர்ட் பேனல், நடுவில் 48 போர்ட் சுவிட்ச், கீழே 24 போர்ட் பேனல். மொத்தம் 3யூ. மேல் பேனல் சுவிட்சின் மேல் வரிசைக்கு, கீழ்ப் பேனல் கீழ் வரிசைக்கு. பேட்ச் கார்டு 15 முதல் 30 சென்டிமீட்டர் போதும், மேனேஜரே வேண்டாம். நம் அலுவலகத்தில் பாயிண்டும் 48, சுவிட்ச் போர்ட்டும் 48 என்பதால் நான் இதைத்தான் எடுப்பேன். குழப்பம் வளர இதில் இடமே இல்லை.

இதைச் செய்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 48 போர்ட் சுவிட்சுகளில் பெரும்பாலும் மேல் வரிசை ஒற்றைப்படை எண், கீழ் வரிசை இரட்டைப்படை. எனவே மேல் பேனலின் 1, 2, 3 ஆகியவை சுவிட்சின் 1, 3, 5-க்குப் போகும். கீழ்ப் பேனலின் 1, 2, 3 ஆகியவை 2, 4, 6-க்கு. பேனல் 10 என்றால் சுவிட்ச் 10 என்று நினைத்து அந்தப் போர்ட்டின் விலேனை (ஒரே சுவிட்சைத் தனித்தனி நெட்வொர்க்காகப் பிரிக்கும் அமைப்பு) மாற்றினால் வேறொருவர் மேசை துண்டாகும். இந்த வரிசையை ஒரு தாளில் அச்சடித்து ரேக் கதவின் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள். சுவிட்சுக்குள்ளேயும் ஒவ்வொரு போர்ட்டின் விவரக் குறிப்பிலும் பேனல் எண்ணை எழுதிவைக்கலாம்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. 48-ஐயும் குத்தி வைப்பதால் வரவேற்பறையிலும் மீட்டிங் ரூமிலும் உள்ள காலி ஐஓக்களும் உயிரோடு இருக்கும். யார் வேண்டுமானாலும் லேப்டாப்பைக் குத்தலாம். பயன்படாத போர்ட்டை சுவிட்சில் அணைத்து வைக்க வேண்டும், அல்லது அந்தப் பேட்ச் கார்டை மட்டும் மாட்டாமல் விட வேண்டும்.

பேட்ச் கார்டுகளை ரெடிமேடாகவே வாங்குங்கள். மிச்சமான சுவர்க் கேபிளைத் துண்டு போட்டு இரண்டு பக்கமும் கிரிம்ப் செய்து பேட்ச் கார்டாக்கும் பழக்கம் பல இடத்தில் இருக்கிறது. மேலே சொன்ன ஒற்றைக் கம்பிப் பிரச்சினை முழுவதும் அதில் வந்துவிடும். நிறம் மூன்று போதும்: மேசைக்கு ஒன்று, கேமராவுக்கு ஒன்று, சர்வரும் அப்லிங்க்கும் (சுவிட்சை மற்ற நெட்வொர்க் கருவிகளோடு இணைக்கும் கேபிள்) சிவப்பு. சிவப்பைக் கேட்காமல் யாரும் பிடுங்கக் கூடாது என்று அலுவலகத்தில் எல்லாருக்கும் சொல்லி வைக்கலாம்.

பின்பக்கக் கட்டுகளுக்கு வெல்க்ரோ பட்டை. பிளாஸ்டிக் டையைப் பிளையரால் இழுத்து இறுக்கினால் கேபிளுக்குள் ஜோடிகளின் அமைப்பே நசுங்கும். பிஓஇ கேபிள்களை 24-க்கு மேல் ஒரே கட்டாகக் கட்டாதீர்கள், நடுவில் உள்ளவை சூடாகும். சுவர் ரேக் என்றால் ஒவ்வொரு கேபிளிலும் ஒரு மீட்டராவது உபரி விட்டு, பெரிய வளையமாக ரேக்குக்கு மேலே நிறுத்துங்கள். கேபிள் நுழையும் ஓட்டையின் இடைவெளியை அடைத்துவிடுங்கள்; எலிக்கு அந்த வழிதான் வாசல். ஸ்பிலிட் ஏசியின் உள் யூனிட்டை ரேக்குக்கு நேர் மேலே மாட்ட விடாதீர்கள்.

லேபிளில் ஆள் பெயரோ அறைப் பெயரோ வேண்டாம். "அக்கவுண்ட்ஸ் மேடம்" என்று எழுதிய போர்ட்டில் அடுத்த வருடம் வேறொருவர் உட்கார்ந்திருப்பார். பேனல் எழுத்தும் போர்ட் எண்ணும் போதும்: ஏ-17 என்றால் ஏ பேனலின் 17-ஆவது போர்ட். அதே ஏ-17, மேசை ஃபேஸ் பிளேட்டிலும் கேபிளின் இரு முனையிலும் இருக்க வேண்டும். டிஐஏ 606 என்று இதற்குத் தனித் தரம் உண்டு. நம் அளவுக்கு அதன் சாரம் இவ்வளவுதான்.

கொட்டேஷனில் எழுதி வாங்க வேண்டியவை

முதலாவது கேபிள். முழுச் செம்பு என்று எழுத்தில் இருக்கட்டும். அலுமினியக் கம்பிக்குச் செம்பு முலாம் பூசிய சிசிஏ கேபிள் சந்தையில் கேட் 6 என்ற பெயரிலேயே விற்கிறது. அலுமினியம் மின்சாரத்தைக் கடத்தும் திறன் செம்பில் சுமார் 60 சதவீதம்தான். பிஓஇ போட்டால் சூடாகும், பஞ்ச் செய்யும்போது சட்டென ஒடியும். பெட்டி வந்ததும் ஒரு துண்டு வெட்டி, ஒரு கம்பியைப் பிளேடால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் பெட்டியைத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

இரண்டாவது டெஸ்ட். எட்டு விளக்கு எரியும் சின்ன லேன் டெஸ்டர் போதாது. அது கம்பி தொடர்ந்து போகிறதா என்று மட்டும்தான் பார்க்கும். இரண்டு முனையிலும் ஜோடி வரிசையைத் தப்பாக, ஆனால் ஒரே மாதிரி தப்பாக, போட்டிருந்தால் எட்டு விளக்கும் வரிசையாக எரியும். அப்போது 3-ஆவது, 6-ஆவது ஊசிக்குப் போகும் கம்பிகள் ஒரே முறுக்கில் இருக்காது. ஜோடிக்கு ஜோடி கசிவு ஏறி லிங்க் 100 மெகாபிட்டுக்கு இறங்கும் அல்லது பாக்கெட் சிந்திக்கொண்டே இருக்கும். அதைக் கண்டுபிடிக்க கசிவையும் எதிரொலிப்பையும் அளக்கும் சர்டிஃபிகேஷன் டெஸ்டர் வேண்டும். துறையில் எல்லாரும் "ஃப்ளூக் ரிப்போர்ட்" என்று சொல்வது அதைத்தான். 48 பாயிண்டுக்கும், பேனல் முதல் ஐஓ வரையான நிலையான பகுதிக்கு, ஏ-1 முதல் பி-24 வரை லேபிள் பெயரிலேயே ரிப்போர்ட் வேண்டும் என்று எழுதுங்கள். கேபிள், ஜாக், பேனல் மூன்றும் ஒரே தயாரிப்பாளருடையதாக இருந்து, அவர்கள் அங்கீகரித்த ஆட்கள் வேலை செய்து, இந்த ரிப்போர்ட்டும் இருந்தால் 20, 25 வருட வாரன்டி தரும் கம்பெனிகள் உண்டு. அதையும் கேளுங்கள்.

மூன்றாவது, அந்த ஒரு வரியை இப்படி மாற்றுங்கள்: "24 போர்ட் கீஸ்டோன் காலிப் பேனல், பின்பக்கக் கேபிள் தாங்கியுடன், 2 எண்ணம், அதே தயாரிப்பின் கேட் 6 ஜாக், பேனல் பக்கத்துக்கு 48-உம் உபரி 4-உம், 30 சென்டிமீட்டர் ரெடிமேட் பேட்ச் கார்டு 48." பின்பக்கம் திறக்கும் தரை ரேக்கும், வேலை தெரிந்த டெக்னீஷியனும் இருந்து, பட்ஜெட்டும் இறுக்கமாக இருந்தால் முதல் இரண்டு இனங்களுக்குப் பதில் 110 பேனல் 2 என்று போட்டுக்கொள்ளலாம், மற்றதெல்லாம் அப்படியே. கடைசித் தவணையை ரிப்போர்ட் கைக்கு வந்து, அதில் 48-உம் பாஸ் என்று பார்த்த பிறகு கொடுங்கள். உபரி ஜாக் நான்கையும் ஒரு கவரில் போட்டு ரேக்குக்குள்ளேயே மாட்டி வையுங்கள்.